மீதியின்றி

தட்டச்சர் தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் பெண்கள் பிரிவு. பார்வை நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள். "பதிமூணு பேர். நாலு நர்ஸ். ஆளுக்கு மூணு. மீதி ஒண்ணு" என்றாள். அந்த மீதி யார் என்று அவர் கேட்டார்.

"நான்தான். கடைசிக் கட்டில். நான் யார் பங்குன்னு அவங்களுக்கே தெரியாது. அதனால நாலு பேரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. மீதியா இருக்கறதுல எவ்வளவு சௌகரியம் பாத்தீங்களா?"

மணி அடித்த பிறகு இன்னொன்றும் சொன்னாள். அது பிறகு வரும். மறுநாள் காலை அவர் போனபோது அந்தப் பிரிவில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நாலால் வகுத்தால் மீதி இல்லை.

மீதி என்ற சொல்லின் மேல் அவளுக்கு இருந்த பிரியத்துக்கும், அதே சொல்லின் மேல் அவருக்கு இருந்த பயத்துக்கும் காரணம் ஒன்றுதான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் கல்வி அலுவலகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சுற்றறிக்கை. அவள் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவர் அந்த அலுவலகத்தில் தட்டச்சர்.

கல்வி அலுவலகத்துக்குப் புதுமை மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும். வருவதற்கு முன் அதிகாரி எங்காவது ஒரு பயிற்சிக்குப் போய்வருவார். மாடிப்படிக்கு அடியில் இருந்த கதவில்லாத அறையைப் பார்த்தால் அலுவலகத்தின் வரலாறே தெரிந்துவிடும். ஆகக் கீழே இசைவழிக் கணிதத்துக்காக வாங்கிய நானூறு ஊதல்கள். அதன் மேல் தோட்டவழிக் கணிதத்துப் பூவாளிகள். அதற்கும் மேலே, பிரித்தால் பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று பிரிக்கப்படாத மணிச்சட்டங்கள். ஒவ்வொரு புதுமையும் முந்தின புதுமையின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த ஆண்டு அதிகாரி மூன்று நாள் பயிற்சி முடித்து, சட்டையில் ஒரு வட்டமான சின்னத்தோடும் வாயில் ஒரு புது வார்த்தையோடும் வந்து சேர்ந்தார். வார்த்தை, விளையாட்டு. அதுவும் பிள்ளைகள் தாங்களே உருவாக்குகிற கணித விளையாட்டு. எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்:

"இனிமே நாம பிள்ளைங்களுக்கு எதையும் சொல்லித் தரப் போறதில்ல. அவங்களே கண்டுபிடிப்பாங்க. எப்படிக் கண்டுபிடிக்கணும்னு மட்டும் நாம சொல்லித் தருவோம்."

அப்படியே விதிமுறைகள் தயாராயின. மாணவர்கள் தன்னிச்சையாக விளையாட்டு உருவாக்கும் நாள் செவ்வாய்க்கிழமை. நேரம் காலை பத்து முதல் பத்து நாற்பது வரை. தன்னிச்சை ஏற்படாத மாணவர்களின் பட்டியலைத் தனித்தாளில் இணைக்க வேண்டும். விளையாட்டு மகிழ்ச்சி தருவதாக மாணவர் கையொப்பமிட வேண்டும். கையொப்பமிடத் தெரியாதவர்களின் மகிழ்ச்சிக்குத் தலைமை ஆசிரியை சான்றளிக்கலாம்.

இதையெல்லாம் எழுத்தில் வடித்தவர் தட்டச்சர். அதிகாரி கொடுப்பது எலும்பு. அதற்குச் சதை வைத்துச் சட்டை மாட்டி வீதிக்கு அனுப்புவது இவர் பொறுப்பு. பள்ளிப் படிப்போடு நின்றவர்தான். ஆனால் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்தே நல்ல தமிழ் கற்றுக்கொண்டவர். 'மேற்படி', 'இதன்பொருட்டு', 'விடுபாடின்றி' எல்லாம் அவர் விரல் நுனியில் வரிசையாக நிற்கும். அதில் அவருக்கு வெளியே சொல்லாத ஒரு கர்வம் உண்டு. வேறு எதிலும் கர்வப்பட இடமில்லாதவருக்கு இந்த அளவு கர்வத்தை யாரும் பறித்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வாரம் முன்னால், எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல், ஒரு திங்கட்கிழமையில், டீச்சரின் வகுப்பில் ஒரு விளையாட்டு உருவாகிவிட்டிருந்தது.

அந்த வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். இரண்டு இரண்டு பேராக உட்காரச் சொன்னால் பதினோரு ஜோடி போக ஒரு பெண் நிற்கும். எப்போதும் அதே பெண். பிள்ளைகள் அதற்கு ஒத்தை என்று பேர் வைத்துவிட்டார்கள். "நீ என்கூடச் சேந்துக்கம்மா" என்று டீச்சர் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். டீச்சரோடு சேர்த்துக்கொள்ளப்படுவதைப் போல ஒரு பிள்ளைக்கு வேறு அவமானம் கிடையாது. ஒத்தை வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. வருகை எடுக்கும்போதுகூடக் கையைத்தான் தூக்கும்.

அந்தத் திங்கட்கிழமை டீச்சர் பிள்ளைகளை மைதானத்தில் ஐந்து ஐந்து பேராக நிற்கச் சொன்னாள். நாலு கூட்டம் ஆயிற்று, மூன்று பேர் எஞ்சினார்கள். அதில் ஒத்தையும் ஒன்று. எஞ்சிய மற்ற இருவரும் அழத் தயாரானபோது, பழக்கப்பட்ட ஒத்தை மெல்லச் சொன்னது:

"டீச்சர், மீதியா இருக்கறவங்கதான் ராஜான்னு வெச்சுக்கலாமா?"

அவ்வளவுதான் விளையாட்டு. ராஜா டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்து ஓர் எண்ணைக் கூப்பிட்டுவிட்டு, தானும் இறங்கி ஓட வேண்டும். எல்லோரும் அந்த எண்ணிக்கையில் கூட்டமாக வேண்டும். எத்தனை கூட்டம், மீதி எத்தனை என்று எஞ்சியவர்களில் யார் முதலில் சரியாகச் சொல்கிறார்களோ அவர் அடுத்த ராஜா. யார் முதலில் நாற்காலியில் உட்காருவது என்பதற்குச் சோடா மூடிகள். மூடிக்குள் ஒவ்வொருவரின் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த மூடிகளைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தவர் தட்டச்சர். இருபத்து மூன்று. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டால் நல்ல சத்தம் வந்தது.

ஒரே வாரத்தில் உலகம் தலைகீழானது. கூட்டத்தில் சேர அடித்துக்கொண்ட பிள்ளைகள் இப்போது மீதியாக அடித்துக்கொண்டார்கள். எந்த எண்ணைக் கூப்பிட்டால் மீதி அதிகம் வரும் என்று வீட்டுக்குப் போயும் கணக்குப் போட்டார்கள். ஒரு குண்டுப் பையன் "பன்னிரண்டு" என்று கூப்பிட்டு, ஒரு கூட்டம் போக மீதி பதினோரு பேரை ராஜாக்களாக்கி வரலாற்றில் இடம்பிடித்தான். இதையெல்லாம் டீச்சர் சாப்பாட்டு நேரத்தில் சொல்லச் சொல்ல, தட்டச்சரின் காதில் மீதி, மீதி, மீதி என்று ஒரு வாரமாக ஓடிக்கொண்டே இருந்தது.

வினை அங்கேதான் இருந்தது.

சுற்றறிக்கையின் கடைசி வரிக்கு வந்தபோது அதிகாரி, "எல்லாப் பள்ளியிலயும் ஒண்ணு விடாம நடத்தணும்னு போட்டு முடிங்க" என்றார். வழக்கமான சொல் விடுபாடின்றி. அன்றைக்குத் தட்டச்சரின் விரல்கள் அவரைக் கேட்காமலே வேறு பக்கம் போயின. 'மேற்படி விளையாட்டுகள் அனைத்துப் பள்ளிகளிலும் மீதியின்றி நடத்தப்பட வேண்டும்.' நிமிர்ந்து பார்த்தார். அழகாகத்தான் இருந்தது. புதுச் சட்டை போட்டாற்போல இருந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது, தபால் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தட்டச்சர் தன் விரலால்.

பத்து நாளில் முதல் கடிதம் வந்தது. ஒரு பள்ளியிலிருந்து பணிவாகக் கேட்டிருந்தார்கள். மீதியின்றி நடத்த வேண்டும் என்று ஆணை இருப்பதால், வகுத்தல் விளையாட்டுகளில் மீதி வரலாமா, வந்துவிட்டால் யார் பொறுப்பு? அடுத்த நாள் ஏழு கடிதங்கள். எல்லாவற்றிலும் அதே கேள்வி.

தட்டச்சருக்கு வியர்த்துவிட்டது. நேரே கண்காணிப்பாளரிடம் போனார். கண்காணிப்பாளர் ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதுவரை எந்தக் காகிதமும் தன் மேசையில் ஒரு இரவு தங்கக் கூடாது என்பதே அவர் கொள்கை.

"சார், அது நான் போட்ட வார்த்தை. விடுபாடின்றின்னு இருக்கணும். தப்பு என்னோடது."

"கீழ கையெழுத்து யாரோடது?"

"அதிகாரியோடது."

"அப்ப வார்த்தையும் அவரோடது. அவரோட வார்த்தையை நீங்க எப்படிப் போட முடியும்?"

"ஒரு திருத்தம் அனுப்பிட்டா..."

"ஆணையில தப்பு இருந்தாத்தானே திருத்தம்? தப்பு இருந்தா அது ஆணையே இல்லையே. வேணும்னா தெளிவுரை அனுப்பலாம்" என்று சொல்லி, கோப்பை மேலே அனுப்பிவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி தன் சுற்றறிக்கையை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார். படித்துவிட்டு வெகுநேரம் சன்னலைப் பார்த்தபடி இருந்தார். தனக்குள் இத்தனை ஆழம் இருந்தது அவருக்கே தெரியாது. மீதி என்றால் என்ன? விடுபட்ட பிள்ளை. ஒதுக்கப்பட்ட பிள்ளை. நம் பள்ளிகளில் ஒரு பிள்ளையும் ஒதுக்கப்படலாமா? தெளிவுரை அன்று மாலையே தட்டச்சரின் மேசைக்கு வந்தது: வகுத்தலில் மீதி ஏற்படுவது மாணவர் நலனுக்கு எதிரானது, எந்த மாணவரும் எக்காரணம் கொண்டும் மீதியாக விடப்படலாகாது, மாணவர் எண்ணிக்கை வகுபடாத வகுப்புகளில் எண்ணிக்கையை உரிய முறையில் சரிசெய்துகொள்ளலாம். தன் கையால் தானே அதைத் தட்டச்சு செய்தார். ஒரு பிழையும் வரவில்லை.

அந்தக் காகிதம் இரண்டு நாளில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டது, டீச்சரின் கைப்பையில்.

"யாருங்க இந்த மேதை, மீதியின்றின்னு எழுதினது?" என்று கேட்டபடி தட்டில் குழம்பு ஊற்றினாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

அவளே தொடர்ந்தாள். "இருபத்திமூணை ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அது யாருக்கும் மடங்காத எண். என்னைக் கேட்டா அதுதான் அதோட அழகு. அது போகட்டும், அந்தப் பொண்ணு இந்த மாசம்தான் வாயைத் தொறந்து பேசுது. நாற்காலில உக்காந்து கணீர்னு கூப்பிடுது. மீதி கூடாதுன்னா மறுபடியும் என் பக்கத்துல வந்து நிக்கும். அதை நான் எப்படிப் பாப்பேன்?"

தட்டச்சர் அன்று இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொள்ளவில்லை.

பள்ளிகள் எண்ணிக்கையைச் சரிசெய்யத் தொடங்கின. அறுபத்தொரு பிள்ளைகள் இருந்த பள்ளியில் தினம் ஒரு பிள்ளையை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அதற்கு முறை வைத்து, அட்டவணை ஒட்டினார்கள். டீச்சரின் பள்ளியில் தலைமை ஆசிரியை இளகிய மனசுக்காரி. "இருக்கற பிள்ளைய நீக்க எனக்கு மனசு வரலம்மா. அதனால ஒண்ணு சேத்துட்டேன்" என்றார். வருகைப் பதிவேட்டில் வரிசை எண் இருபத்து நான்கு என்று ஒரு புதிய மாணவன் முளைத்தான். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவன், சத்தம் போடாதவன், எந்த எண்ணுக்கும் மடங்கிக் கொடுப்பவன். அவனுக்கும் ஒரு சோடா மூடி எழுதிப் போடலாமா என்று டீச்சர் கேட்டபோது மட்டும் பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை இருந்தால்தான் மூடி என்று சொல்லிவிட்டார்கள்.

மாத முடிவில் ஆய்வு வந்தது. அதிகாரி, கண்காணிப்பாளர், குறிப்பெடுக்கத் தட்டச்சர். டீச்சர் வாசலில் நின்று "வாங்க சார்" என்று தன் கணவரை வரவேற்றாள். அவரும் "வணக்கம் டீச்சர்" என்றார். அலுவல் நேரத்தில் அவர்கள் அப்படித்தான். காலையில் அவசரத்தில் அவருடைய சட்டைப் பொத்தானை அவள்தான் தைத்துக் கொடுத்திருந்தாள். நூல் நிறம் மாறிவிட்டது.

மைதானத்தில் பிள்ளைகள் நின்றார்கள். புதிய விதிப்படி நாற்காலியில் வரிசை எண்படி உட்கார வேண்டும். இரண்டு, மூன்று, நாலு, ஆறு, எட்டு, பன்னிரண்டு ஆகிய அனுமதிக்கப்பட்ட எண்களை மட்டும் கூப்பிட வேண்டும். முதல் பிள்ளை "நாலு" என்றது. யாரும் ஓடவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் மாதிரி நடந்துபோய்க் கூட்டமானார்கள். அதிகாரி எண்ணிக்கொண்டே வந்தார். கடைசிக் கூட்டத்தில் மூன்று பேர் ஒரு இடத்தைக் காலியாக விட்டு நின்றிருந்தார்கள்.

"நாலாவது ஆள் எங்க?"

"இருக்கான் சார்" என்றான் குண்டுப் பையன்.

"எங்க இருக்கான்?"

"வருகைப் பதிவேட்டுல."

தலைமை ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் முப்பது ஆண்டு அனுபவம் கைகொடுத்தது. "சார் மாதிரி பெரியவங்க குழந்தையோட குழந்தையா வந்து நின்னா பிள்ளைங்களுக்கு எவ்வளவு ஊக்கமா இருக்கும்" என்றார். குழந்தையோடு குழந்தையாக என்பது பயிற்சியில் இரண்டாம் நாள் மதியம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அதிகாரி மறுபேச்சில்லாமல் காலி இடத்தில் போய் நின்றார்.

ஆறு. எட்டு. மூன்று. எல்லாம் மீதியின்றி நடந்தது. அதிகாரிக்கு மூச்சு வாங்கியது, நெற்றியில் வியர்வை, சட்டைச் சின்னம் குத்துகிறது என்று கழற்றிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். தன் திட்டம் இத்தனை சுகமானது என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

இருபத்து மூன்றாம் எண் வந்தது. ஒத்தை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. காலை ஆட்டவில்லை. டீச்சரைப் பார்த்தது. டீச்சர் அந்த நேரம் பார்த்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு" என்றது ஒத்தை.

அணை உடைந்தது. பிள்ளைகள் விழுந்தடித்து ஓடினார்கள். ஒருவரை ஒருவர் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டுத் தான் மட்டும் வெளியே நிற்கப் பார்த்தார்கள். அதிகாரி ஒவ்வொரு கூட்டமாகப் போய் இடம் கேட்டார். எல்லாம் நிரம்பியிருந்தன. கடைசியில் நாலு கூட்டம் போக, மூன்று பிள்ளைகளும் அவரும் நடுவில் நின்றார்கள். பணியில் சேர்ந்த நாள் முதல் அவரை யாரும் அப்படி நிற்கவிட்டதில்லை.

ஒத்தை பக்கத்துக் கூட்டத்திலிருந்து எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தது. "சார், சீக்கிரம் சொல்லுங்க. எத்தனை கூட்டம், மீதி எத்தனை?"

"நாலு கூட்டம்..." அதிகாரி விரலை மடக்கினார். "மீதி... நாலு."

"சார்தான் ராஜா!"

பிள்ளைகள் அவரை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற தட்டச்சருக்கு மட்டும் கேட்கிறாற்போல, "என்னை எல்லாம் சின்ன வயசுல யாரும் சேத்துக்கவே மாட்டாங்க" என்றார். தட்டச்சர் அதைக் குறிப்பில் எழுதவில்லை. இப்போது சொல்லிவிடலாம், மீதியின்றி என்பது என் கைப்பிழை, இந்த விளையாட்டை இப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தார்.

அதற்குள் கண்காணிப்பாளர் இருமினார். கையில் சின்னம் மின்னியது. அதிகாரிக்குத் தன் தெளிவுரை நினைவுக்கு வந்தது. ராஜா ஓர் எண்ணைக் கூப்பிட வேண்டும், மீதி வரக் கூடாது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். இருபத்து நாலை எது எது வகுக்கும் என்பது அந்த அவசரத்தில் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. எந்தக் காலத்திலும் யாருக்கும் மீதி வைக்காத ஒரே ஓர் எண்தான் நினைவில் நின்றது.

"ஒண்ணு" என்றார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிடித்திருந்த கைகளை விட்டார்கள். ஒவ்வொருவராக விலகிப் போய், கைக்கு எட்டாத தூரத்தில், மைதானம் முழுக்கத் தனித்தனியாக நின்றார்கள்.

"மீதி இல்ல சார்" என்றது ஒத்தை. "ஆனா கூட்டமும் இல்ல."

அதிகாரி முதல் பாதியைத்தான் கேட்டார்.

திரும்பி வரும்போது ஜீப்பிலேயே அடுத்த சுற்றறிக்கையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். இனி எல்லாப் பள்ளிகளிலும் வகுத்தல் ஒன்றால் மட்டுமே. பள்ளத்தில் வண்டி குதித்தபோது தட்டச்சர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, ஒன்றால் வகுத்தால் எல்லாம் இருந்தபடியேதானே இருக்கும் என்று கேட்டுவிட்டார்.

"அதேதான் வேணும்" என்றார் அதிகாரி. "எதையும் மாத்தாம ஒரு சீர்திருத்தம் கொண்டுவர்றது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

அந்த அரையாண்டுத் தேர்வில் வகுத்தலுக்கு எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். பெற்றோர்கள் கண்ணீர் விட்டார்கள். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வராது, இவனுக்கு எப்படி வந்தது என்று ஒரு தகப்பனார் மேடையேறிப் பேசினார். சிறந்த விளையாட்டுப் படைப்பாளர் விருதுக்கு, அரையாண்டு முழுவதும் ஒருமுறைகூட மீதியாக நிற்காத மாணவர் யார் என்று பார்த்தார்கள். இருபத்து நாலாம் எண். பேரைக் கூப்பிட்டபோது யாரும் எழவில்லை. கைதட்டல் ஓயப் பார்த்தது. அப்போது ஒத்தை எழுந்து மேடைக்குப் போய், "அவன் வரல சார், நான் வாங்கிக்கறேன்" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டது. அதிகாரி அந்தப் பெண்ணின் உதவும் குணத்தைப் பாராட்டினார்.

ஆனால் அன்றைக்குப் பிறகு ஒத்தை பேசவில்லை. டப்பா அலமாரிக்குள் போயிற்று. டீச்சர் வீட்டில் துணி மடிக்கும்போது மடித்த துணியையே மறுபடி மடித்தாள். தட்டச்சருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் சவரம் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க நேர அட்டவணையில மனப்பாடம்னு ஒரு வகுப்பு இருக்கில்ல? இருபத்தாறு வருஷமா ஆய்வறிக்கை அடிக்கறேன். அந்த வகுப்பை ஆய்வு பண்ணினதா ஒரு வரிகூட அடிச்சதில்ல."

டீச்சர் மடித்த துணியை அப்படியே வைத்தாள். "சத்தம் வருமேங்க."

"மனப்பாட வகுப்புல சத்தம் வரலைன்னாத்தான் சந்தேகப்படுவாங்க."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் யோசனை ஒன்றை அவள் உடனே ஏற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை. மறுநாள் முதல், நேர அட்டவணையில் மனப்பாடம் என்று எழுதியிருந்த நாற்பது நிமிடமும் கதவைச் சாத்தினார்கள், பெஞ்சுகளை ஓரம் தள்ளினார்கள், ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகக் கூப்பிட்டார்கள். ஒத்தை முதல் நாளே "பன்னிரண்டு" என்றது. தலைமை ஆசிரியை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், பிள்ளைகள் நன்றாக மனப்பாடம் செய்கிறார்கள் என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார்.

இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று ஆண்டு கழித்து, வழக்கப்படி, புதுமைக்கு நாள் வந்தது. இந்த முறை அதிகாரி பயிற்சிக்குப் போகவில்லை. தாமே ஆராய்ச்சி செய்தார். மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து ஒரு புகார் வந்திருந்தது. தொடக்கப் பள்ளி முடித்து வரும் பிள்ளைகளுக்கு இருபதை மூன்றால் வகுக்கத் தெரியவில்லை. ஒரே ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிகிறது. அவர்கள் மீதியைச் சொல்லும்போது துள்ளிக் குதிக்கிறார்கள். அதிகாரி அந்தப் பள்ளியின் நேர அட்டவணையை வரவழைத்து வரிக்கு வரி படித்தார். மற்றப் பள்ளிகளைவிட அங்கே மனப்பாட வகுப்பு ஒரு நாள்கூட விடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, தீவிரமாக நடப்பது தெரியவந்தது.

"பாத்தீங்களா" என்றார் தட்டச்சரிடம். "விளையாட்டு, ஆட்டம் எல்லாம் வீண். பிள்ளைங்களுக்கு வேண்டியது மனப்பாடம்தான். எழுதுங்க."

தட்டச்சர் விரல்களை இயந்திரத்தின் மேல் வைத்தார். அனைத்துப் பள்ளிகளிலும் விளையாட்டு வகுப்பு நீக்கப்பட்டு மனப்பாடவழிக் கணிதம் நடத்தப்பட வேண்டும் என்ற வரியின் கடைசிக்கு வந்தபோது சற்று நிறுத்தி யோசித்து, இந்த முறை சரியான சொல்லைப் போட்டார். விடுபாடின்றி. தெளிவுரை கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. எல்லாப் பள்ளிகளுக்கும் அது உடனே புரிந்துவிட்டது.

அன்று வீட்டில் அதைச் சொன்னார். டீச்சர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஓய்வு பெற்ற நாளில் பிஸ்கட் டப்பாவைக் கைப்பையில் வைத்து எடுத்து வந்தாள்.

மருத்துவமனையில் அந்த மாலை, மணி அடித்துப் பார்வையாளர்கள் எழுந்த பிறகு, அவள் சொன்ன இன்னொன்று இது. அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்:

"மீதியின்றின்னு போட்டது நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் நின்றுவிட்டார். எப்படி என்று கேட்டார்.

"அந்த ஆபீஸ்ல வேற யாருக்கு அவ்வளவு நல்ல தமிழ் வரும்? போங்க, நர்ஸ் பாக்கறாங்க."

ஒன்றால் வகுக்கும் சுற்றறிக்கையை இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை. இருபத்து நாலாம் எண் மாணவனைப் பதிவேட்டிலிருந்து நீக்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்பதால் அவன் அடுத்தடுத்த வகுப்புக்குத் தேறிக்கொண்டே போனான். பிஸ்கட் டப்பா தட்டச்சரின் வீட்டு அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. உள்ளே மூடிகள் இருபத்து மூன்று.